விவிலிய விலங்குகள் கேள்வி: தானியேல் 7ஐ ஒருமுறை கீறிப் பாருங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. இறையியல் டிப்ளோமாவின் விவிலியத் தாளில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள், மட்டக்களப்பு என்றாலும் கல்முனை என்றாலும், இந்த முறையும் அதே கேள்வியில்தான் புள்ளி விட்டிருக்கிறார்கள். லிவியாதான் என்ற கடல் விலங்கு, யோபு நூலின் பிகெமோத் என்ற நிலத்து விலங்கு, வெளிப்படுத்தலின் மிருகம் ஆகியவை சமயத்திலும் அரசியலிலும் புனைவிலும் எதற்குக் குறியீடு என்ற கேள்வி. படிக்காததால் போன புள்ளி இல்லை. பிரசங்கத்தில் கேட்டதை அப்படியே தாளில் இறக்கியதால் போன புள்ளி. அடுத்த முறை எழுதப் போகும் தம்பி தங்கச்சிமாருக்காக இது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை: ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். பழைய ஏற்பாட்டில் தானியேல் நூலின் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் கனவில் கண்ட நான்கு விலங்குகளையும் கீறுங்கள். கீறத் தெரியாது என்று தட்டிக் கழிக்க வேண்டாம், கோடு போட்டாலே போதும்.

முதல் கட்டம்: சிங்கம், கழுகின் செட்டைகள், தலை 1.
இரண்டாவது: கரடி, ஒரு பக்கம் உயர்ந்து நிற்கிறது, வாயில் மூன்று விலா எலும்புகள், தலை 1.
மூன்றாவது: சிறுத்தை, முதுகில் நான்கு செட்டைகள், தலை 4.
நான்காவது: பெயரில்லாதது, இரும்புப் பற்கள், பத்துக் கொம்புகள், தலை 1.

தலைகளைக் கூட்டுங்கள். ஏழு. கொம்புகள் பத்து. இப்போது வெளிப்படுத்தல் (வெளி.) 13:1ஐப் பாருங்கள். கடலிலிருந்து எழும்பும் மிருகத்துக்கு ஏழு தலை, பத்துக் கொம்பு. அடுத்த வசனத்தில் அதற்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேல் சிங்கம், கரடி, சிறுத்தை என்று முன்னோக்கிப் பார்த்ததை வெளிப்படுத்தலை எழுதிய யோவான் சிறுத்தை, கரடி, சிங்கம் என்று பின்னோக்கிப் பார்க்கிறார். நான்கு பேரரசுகளின் கொடுமையும் ஒரே உடலில் சேர்ந்து ரோமாபுரியாக எழும்பி நிற்கிறது. இந்தக் கேள்விக்கு இதைவிடப் பெறுமதியான பத்தி கிடையாது. ஏழு தலைக்கும் ஏழு விளக்கம் பாடமாக்குகிறவர்கள் இதைக் காணவே மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் இரண்டு அதிகாரங்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்ததில்லை. குழுவாக இருந்து படிக்கிறவர்களுக்கும் இது சரிவராது என்பது என் எண்ணம். தனியே இருந்து கீற வேண்டிய விஷயம் இது.

கீறின தாளின் ஓரத்தில் வலுசர்ப்பம் என்ற பெரிய பாம்பையும் போடுங்கள். வெளி. 12:3இல் அதற்கும் ஏழு தலை, பத்துக் கொம்புதான். ஆனால் வலுசர்ப்பத்தின் முடிகள் ஏழும் தலைகளின் மேல், மிருகத்தின் முடிகள் பத்தும் கொம்புகளின் மேல். குறுங்கேள்வியில் சறுக்குகிற இடம் இது.

எந்த விலங்கு எந்தப் பேரரசு என்பதற்கு இரண்டு பட்டியல் உண்டு. மரபு வழியில் பாபிலோன், மேதிய-பாரசீகம், கிரேக்கம், ரோம். வரலாற்று ஆய்வு வழியில் பாபிலோன், மேதியா, பாரசீகம், கிரேக்கம். இந்த இரண்டாவது வழியில் நான்காம் விலங்கில் பத்துக் கொம்புகளுக்கிடையே முளைக்கும் சின்னக் கொம்பு, கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு. இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். கலந்தால் மேதியாவும் தனியே நிற்கும், ரோமும் வந்துவிடும், நான்கு விலங்குக்கு ஐந்து பேரரசு ஆகிவிடும். இப்படி ஐந்து எழுதிய விடைகள் உண்மையாகவே இருக்கின்றன! மரபு வழியை எடுப்பவர்கள் தானியேல் 8:20ஐச் சான்றாகக் காட்டலாம், அங்கே மேதியாவும் பாரசீகமும் ஒரே ஆட்டுக்கடா. மற்றவர்கள் 8:3ஐக் காட்டலாம், அந்தக் கடாவுக்கு இரண்டு கொம்பு, ஒன்று பிந்தி முளைத்தது.

லிவியாதானுக்கு வருவோம். "லிவியாதான் என்பது சாத்தான்" என்று தொடங்கும் விடையைப் பரீட்சகர் மேற்கொண்டு வாசிப்பாரா என்பதே சந்தேகம். சங்கீதம் 74:14இல் கடவுள் அதன் தலைகளை ஏற்கெனவே நசுக்கிவிட்டார். சங்கீதம் 104:26இல் அது கடலில் விளையாடுகிறது. ஏசாயா 27:1இல் அது இனிமேல்தான் கொல்லப்படப் போகிறது. செத்தது, விளையாடுவது, சாகப் போவது, மூன்றும் ஒரே விலங்கு. முரண்பாடு என்று பயந்து இதை மறைக்காதீர்கள், கேள்வியின் மையமே இதுதான். சங்கீதம் 74, ஆலயம் இடிந்த நேரத்துப் புலம்பல். அன்று கடலை வென்றவரே, இன்று ஏன் சும்மா இருக்கிறீர் என்று கேட்பதற்குப் பழைய வெற்றி தேவைப்படுகிறது. சங்கீதம் 104, படைப்பைப் புகழும் பாட்டு, அங்கே பயங்கரத்துக்கு இடமில்லை. ஏசாயா 27 கடைசிக் காலத்தை எதிர்பார்க்கிறது. யார், எந்த நிலைமையில் நின்று, யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று எழுதுங்கள். குறியீட்டின் பொருள் அங்கேதான் இருக்கிறது. யோபு 3:8ஐயும் 41ஐயும் சேர்த்தால் ஐந்து இடங்களும் முடிந்தது.

பின்னணிக்கு இந்த ஒழுங்கு போதும். 1895இல் ஜெர்மன் விவிலிய அறிஞர் ஹெர்மன் குங்கல், இந்தக் கடற்பாம்புக்கு மூலம் மார்துக்கு என்ற தெய்வம் கொன்ற கடல் தேவதை தியாமத் என்று பாபிலோனைக் காட்டினார். 1928இல் சிரியாக் கரையில் உகாரித் என்ற பழைய நகரம் வெளிப்பட்டது, அடுத்த வருடம் அகழ்வு தொடங்கியது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் பாகால் என்ற கானானியத் தெய்வத்தின் கதையில் ஏழு தலைப் பாம்பு ஒன்று வருகிறது. ஓடும் பாம்பு, நெளியும் பாம்பு என்று அதற்குச் சொல்லப்படும் அடைமொழிகளே ஏசாயா 27:1இலும் நிற்கின்றன. அதன்பின் ஆய்வாளர் பார்வை கானானின் பக்கம் திரும்பியது. இதற்கு ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம்.

அது முதலையா என்ற வாதத்துக்கு இரண்டு வரி. 1663இல் பிரெஞ்சு அறிஞர் சாமுவேல் போஷார் லிவியாதானை முதலை என்றும் பிகெமோத்தை நீர்யானை என்றும் சொன்னார். அதற்கு முன்பே இடைக்கால இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் பிகெமோத்தை யானை என்றார். வாவியில் முதலையையும் அம்பாறை வயலில் யானையையும் கண்டு வளர்ந்த நமக்கு இது கையோடு வந்துவிடும், அதனாலேயே ஒரு பக்கம் எழுதிவிடுவோம். யானைக்குக் கேதுரு மரம் போன்ற வால் (யோபு 40:17) எங்கே? முதலையின் வாயிலிருந்து தீப்பொறி (41:19) எங்கே? இதைக் கேட்டுவிட்டு நகருங்கள்.

அடிக்கடி குழம்புகிற இடங்கள்:

– ராகாப். யோசுவா 2இல் வருபவள் எரிகோவின் பெண். யோபு 26:12, ஏசாயா 51:9இல் வருவது கடல் விலங்கு. ஏசாயா 30:7, சங்கீதம் 87:4இல் அதே பெயர் எகிப்துக்குப் பட்டப்பெயர்.
– யோனாவை விழுங்கியது வெறும் பெரிய மீன். லிவியாதான் அங்கே இல்லை.
– ஆதியாகமம் 3இன் பாம்பைச் சாத்தான் என்று ஆதியாகமம் சொல்லவில்லை. அந்த முடிச்சைப் போடுவது வெளி. 12:9.
– அந்திக்கிறிஸ்து என்ற பெயர் வெளிப்படுத்தலில் ஓரிடத்திலும் இல்லை. 1 யோவானிலும் 2 யோவானிலும் மட்டும்.
– சில உரைநூல்கள் எபிரேய எண்ணிக்கைப்படி யோபு 41:1ஐ 40:25 என்று போடும். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் சங்கீதம் 74 என்பது 73. உங்கள் கையில் உள்ள விவிலியத்தோடு ஒப்பிட்ட பிறகே இலக்கத்தை எழுதுங்கள்.

வெளி. 13:18இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666க்குக் கணக்கு காட்டினால்தான் புள்ளி. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, அது 306. கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200, அது 360. கூட்டினால் 666. பெயரின் கடைசி நூனை விட்டால் 616, சில பழைய கைப்பிரதிகளில் அந்த எண்தான் இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்துவதுதான் இந்த விளக்கத்தின் பலம். வெளி. 17:9இன் ஏழு மலைகளை, ஏழு குன்றுகளின் நகரமான ரோமாபுரியோடு இதன் பக்கத்தில் வையுங்கள். இன்றைய தலைவர் ஒருவரின் பெயரைக் கொண்டுவந்து கூட்டிப் பார்க்கிற விளையாட்டைத் தாளுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் பகுதி. விவிலியத்துக்குள்ளேயே அரசியல் இருக்கிறது: எசேக்கியேல் 29:3இல் நைல் நதி நடுவே படுத்திருக்கும் வலுசர்ப்பம் பார்வோன், எரேமியா 51:34இல் வலுசர்ப்பம்போல விழுங்குகிறவன் நேபுகாத்நேச்சார். அங்கெல்லாம் விலங்கு எதிரி அரசன். 1522 செப்டெம்பரில், சீர்திருத்தவாதி லூத்தரின் புதிய ஏற்பாட்டில் ஓவியர் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள், வெளி. 17இல் மிருகத்தின் மேல் இருக்கும் பாபிலோனின் வேசிக்குப் பாப்பரசரின் மூன்றடுக்கு முடியைப் போட்டன. டிசெம்பர்ப் பதிப்பில் அதைச் செதுக்கிக் குறைத்தார்கள். இந்த ஒரு சான்று போதும்.

தலைகீழாகத் திரும்புவது 1651இல். ஆங்கிலேயத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் தன் அரசியல் நூலுக்கு லிவியாதான் என்று பெயர் வைத்து, அந்த விலங்கை அரசின் பக்கம் கொண்டுபோகிறார். அட்டைப்படத்தில் மனிதர்களாலேயே ஆன உடலோடு அரசன் நிற்கிறான், மேலே இலத்தீனில் யோபு 41இன் வசனம்: பூமியில் அதற்கு ஒப்பான வல்லமை இல்லை. ஹொப்ஸுக்கு இது மக்கள் தங்கள் பயத்தினால் உண்டாக்கிக்கொண்ட "சாகும் கடவுள்". பெயருக்கான காரணத்தை 28ஆம் அதிகாரக் கடைசியில் அவரே சொல்கிறார்: அது பெருமையுள்ளவர்களின் அரசன். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றிய இன்னொரு நூலுக்கு அவர் வைத்த பெயர் பிகெமோத். ஒழுங்கு ஒரு விலங்கு, குழப்பம் மற்றது. 1942இல் ஜெர்மன் அரசியல் அறிஞர் பிரான்ஸ் நோய்மன் நாசி ஆட்சியை ஆராய்ந்த நூலுக்கும் பிகெமோத் என்றே பெயர் வைத்தார். அது ஒழுங்கான அரசே இல்லை, சட்டமற்ற குழப்பம் என்பது அவர் வாதம். ஹொப்ஸையும் நோய்மனையும் ஒரே பத்தியில் வைத்தால் அரசியல் பகுதி நிரம்பிவிடும்.

ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் யூத மரபின் விருந்தை விடாதீர்கள். தல்மூத் என்ற யூத நூலின் பாபா பத்ரா 74–75இல் பெண் லிவியாதான் கொல்லப்பட்டு, நீதிமான்களுக்காக உப்பிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. விவிலியத்தில் சேராத பழைய யூத நூலான 2 பாரூக்கு 29இல் இரண்டு விலங்குகளுமே மீந்திருப்பவர்களுக்கு உணவு. ரிக்வேதம் 1.32இல் இந்திரன் பாம்பு வடிவ விருத்திரனைக் கொன்று தண்ணீரை விடுவிக்கிறான். இதை ஒத்த வடிவம் என்று எழுதுங்கள், கடன் வாங்கியது என்று எழுதினால் நிறுவ வேண்டி வரும். காத்தான்குடி, அக்கரைப்பற்று நண்பர்கள் குர்ஆன் 27:82இன் பூமியிலிருந்து வரும் பிராணியைச் சொல்வார்கள். அதையும் வெளி. 13:11இன் நிலத்து மிருகத்தையும் ஒன்றாக்க வேண்டாம். மிருகம் மக்களை ஏமாற்றுகிறது, அந்தப் பிராணியோ மக்கள் வசனங்களை நம்பாததை அவர்களிடமே பேசுகிறது. வேலையே எதிரும் புதிருமானது.

புனைவுக்கு அதிகம் மினக்கெட வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் 'இழந்த சொர்க்கம்' என்ற தன் காவியத்தின் முதல் காண்டத்தில் சாத்தானை லிவியாதானோடு ஒப்பிடுகிறார், மாலுமி அதைத் தீவு என்று நம்பி நங்கூரம் போடுகிறான். அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் 1851இல் 'மோபி டிக்' நாவலில் வெள்ளைத் திமிங்கிலத்தைக் கொண்டுவருகிறார், அங்கே விலங்கு நல்லதா கெட்டதா என்பதே தீராமல் நிற்கிறது. இருவரும் போதும்.

கடலை மறக்காதீர்கள். தானியேல் 7:3இலும் வெளி. 13:1இலும் விலங்கு கடலிலிருந்து வருகிறது, அதனால்தான் வெளி. 21:1இல் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று". 2004 டிசெம்பர் 26ஐக் கண்ட இந்தக் கரையில் அந்த வரியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பரீட்சகருக்கு விளக்க வேண்டும், மூன்று வசனத்தையும் இலக்கத்தோடு.

நேரம்: முக்கால் மணித்தியாலத்தில் முதல் 5 நிமிடம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டத்தையும் கீறுங்கள். விவிலியப் பகுதிக்கு 20 நிமிடம், அரசியலுக்கு 12, புனைவுக்கு 5. மிச்சம் 3 நிமிடத்தில் வசன இலக்கங்களை மட்டும் திருப்பிப் பாருங்கள். கீறியதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுத் தாளைக் கொடுங்கள்.