செயற்கை இழைப் பிரஷ்ஷும் அரை டம்ளர் தண்ணீரும்

கோவையில் எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னல் திட்டில் அப்பா எப்போதும் ஒரே வகைச் சவரப் பிரஷ்ஷைத்தான் வைத்திருப்பார். சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி, வெளிறிப்போன வெள்ளை நைலான் முடி. ஒன்று விரிந்து பயனற்றுப் போனால், அதே கடையில் அதே போல இன்னொன்றை வாங்கி வருவார். பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் முதன்முதலாக அதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தபோது, பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தது போலத் தோல் காந்தியது. நைலான் என்றால் முரடு, நல்ல பிரஷ் என்றால் விலங்கு முடி என்று அன்று மனத்தில் பதிந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சென்னைக்கு வேலைக்கு வந்தபின் நெடுநாள் டப்பா நுரையும் மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜும்தான். கழுத்தெல்லாம் சிவந்து, சிறு சிறு கொப்புளங்களாக எழும்பிய பிறகே பழைய முறைக்குத் திரும்பினேன்: ஒற்றைப் பிளேடு சேஃப்டி ரேசர், சோப்பு, பிரஷ். பழைய எண்ணத்தின்படியே பன்றி முடி பிரஷ் ஒன்றை வாங்கினேன். பன்றி முடி தண்ணீரை உறிஞ்சும் தன்மையுடையது. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் ஊற வைத்தால்தான் இளகும். வாரக்கணக்கில் பயன்படுத்திய பிறகு முடியின் நுனிகள் பிளந்து மென்மையாகும் என்று படித்திருந்ததால் பொறுமையாகக் காத்திருந்தேன். நுனிகள் மென்மையாகவும் செய்தன. ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் வெளிச்சம் குறைந்த குளியலறையில் அந்தப் பிரஷ் காயவே மறுத்தது. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், அடியில் விரலை விட்டு விலக்கினால் ஈரம். கார்த்திகை பிறப்பதற்குள் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வாடை. பிறகு கைப்பிடியை ஒட்டிய முடியில் கருப்புப் புள்ளிகள். அதைத் தூக்கி எறிந்த வாரத்தில்தான், வேறு வழி தெரியாமல், 550 ரூபாய்க்கு ஒரு செயற்கை இழைப் பிரஷ் வாங்கினேன். கற்றையின் விட்டம் 24 மில்லிமீட்டர். பெட்டியைப் பிரித்து உலர்ந்த பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்த அந்த நொடியில், அப்பாவின் பிரஷ்ஷுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவே இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஏன் இந்த வேறுபாடு என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935-இல் நைலானை உருவாக்கியது. அதைக் கொண்டு 1938-இல் கடைக்கு வந்த முதல் பொருள் பல் துலக்கும் பிரஷ். அதுவரை பல் பிரஷ்ஷிலும் பன்றி முடிதான் இருந்தது. பல்லைத் துலக்க விறைப்பு வேண்டும், முகத்துக்கு அது வேண்டாம். ஆனாலும் மலிவான சவரப் பிரஷ்களில் நெடுங்காலம் தடித்த இழையும் மழுங்க வெட்டிய நுனியுமே இருந்தன. என் கன்னத்தைக் காந்த வைத்தவை அந்த நுனிகள்தான். இன்றைய நல்ல பிரஷ்களில் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாலியெஸ்டர் வகை இழை இருக்கிறது. மிக மெல்லியதாக இழுக்கப்பட்ட அந்த இழைகளின் நுனியைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்து, சிறிது சிறிதாகக் கரையவிட்டு, ஊசி முனை போலக் கூராக்குகிறார்கள். விலங்கு முடி இயற்கையாகவே நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால்தான் மென்மையாக இருக்கிறது. அந்த மெலிவை ஆலையில் உண்டாக்கக் கற்றுக்கொண்டதுதான் முக்கிய மாற்றம். ஜெர்மனியில் 1945-இல் தொடங்கப்பட்ட மியூலே போன்ற பழைய பிரஷ் நிறுவனங்கள்கூடச் செயற்கை இழையைத் தங்கள் விலை உயர்ந்த வரிசைகளில் வைத்து விற்கின்றன.

விலங்கு முடியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், நம் ஊரில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்று அறியப்படும் ஆந்த்ராக்ஸ் நோய், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சவரப் பிரஷ் வழியாகப் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொற்றியது. போரால், பேட்ஜர் என்னும் வளை தோண்டி வாழும் விலங்கின் முடி வரத்து தடைப்பட, சரியாகக் கிருமி நீக்கம் செய்யாத குதிரை முடியைச் சாயமிட்டு அதன் இடத்தில் வைத்து விற்றார்கள். கத்தி கீறிய இடம் வழியாகக் கிருமி உள்ளே புகுந்து பலர் இறந்தனர். ஜப்பானிலிருந்து சவரப் பிரஷ் இறக்குமதி செய்வதை பிரிட்டன் 1920-இல் தடை செய்ததும் இதனால்தான். இன்று முறையாகத் தூய்மை செய்யப்பட்ட முடிக்கு அந்த ஆபத்து இல்லை, அச்சமூட்டுவதற்காக இதை நான் எழுதவும் இல்லை. ஆனால் பன்றி முடியை மத நம்பிக்கையால் தொட விரும்பாத நண்பர்களும், அந்தப் பேட்ஜரை ஒருவரின் முகத்து நுரைக்காகக் கொல்ல வேண்டுமா என்று கேட்கும் என் மனைவியும் எனக்கு உண்டு. அவர்களுக்குத் தயக்கமில்லாமல் காட்டக்கூடிய பிரஷ் ஒன்று இருப்பது எனக்கு உண்மையான நிறைவு.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். செயற்கைப் பிரஷ் வாங்கியவர்கள் நுரை நிற்கவில்லை, தண்ணீராக ஒழுகுகிறது என்று குறை சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் வாரம் நானும் அதையே சொன்னேன். முடிப் பிரஷ்ஷின் பழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்ததுதான் காரணம். முடி தண்ணீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பிபிடி இழை ஏறத்தாழ எதையும் உறிஞ்சுவதில்லை. இழைகளுக்கு இடையில் தங்கும் தண்ணீர் மட்டுமே அதன் கையிருப்பு, அதையும் சோப்பைத் தொட்ட உடனே மொத்தமாக இறக்கி வைத்துவிடும். ஆகவே ஊற வைக்கத் தேவையே இல்லை. குழாயடியில் ஒரு முறை நனைத்து, மூன்று முறை பலமாக உதற வேண்டும். நான்காவது உதறலில் சொட்டு விழவில்லை என்றால் அதுதான் சரியான ஈரம்.

சோப்பின் மேல் ஒரு நிமிடம் முன்பே சில சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்திருப்பேன். அந்தப் பரப்பில் பிரஷ்ஷின் நுனி மட்டும் படும்படி, அழுத்தாமல், பதினைந்து இருபது விநாடி சுழற்றினால் நுனிகள் எல்லாம் குழைத்த சந்தனம் போன்ற பூச்சில் ஒட்டிக்கொள்ளும். கல்லில் சந்தனம் அரைப்பவர்கள் தண்ணீரை எப்படிச் சொட்டுச் சொட்டாக விடுவார்களோ, இதற்கும் அப்படித்தான். நுனியை மட்டும் டம்ளரில் தொட்டு எடுத்து, கிண்ணத்திலோ கன்னத்திலோ சுழற்றி, மறுபடியும் தொட்டு எடுத்து... ஐந்தாறு முறை இப்படிச் செய்யும்போது நுரை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் பெரிய பெரிய குமிழிகள், ஓரங்களில் உலர்ந்த வெண்மை. பிறகு குமிழிகள் ஒவ்வொன்றாக மறைந்து, கெட்டித் தயிரின் மேற்பரப்பில் இருப்பது போன்ற மினுமினுப்பு வரும். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் பிளேடு தோலைக் கீறாமல் ஓடுவதற்கு ஆதாரம். மீசை மயிர் ஈரத்தில் ஊறினால் இளகி எளிதில் வெட்டுப்படும் என்பதால், இந்த நுரையைப் பூசிய உடனே ரேசரை எடுக்காமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுவேன்.

கன்னத்தில் சுழற்றும்போதும் அழுத்தம் வேண்டாம். செயற்கை இழைக்கு வில் போலத் திமிறும் குணம் உண்டு. அழுத்தினால் நடுக்கற்றை மடங்கி நுரை பக்கவாட்டில் தெறிக்குமே தவிர முகத்தில் கூடுதலாக எதுவும் சேராது. நுனி விரியும் அளவுக்குத் தொட்டுச் சுழற்றிவிட்டு, கடைசியில் சுவருக்கு வெள்ளை அடிப்பது போல இப்படியும் அப்படியுமாக நாலு வீச்சு போதும். க்ரீம் பயன்படுத்துபவர்களுக்குக் கொண்டைக்கடலை அளவு தாராளம். இழை எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாததால், கிண்ணத்தில் உண்டாக்கிய நுரை ஏறத்தாழ முழுவதும் முகத்துக்கே வருகிறது. பன்றி முடி பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் சோப்பு எனக்கு வெகுநாள் கூடுதலாக வருகிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சென்னையில் சில நாள் நுரை ஏமாற்றியது. பொங்கலுக்குக் கோவை சென்றபோது அதே சோப்பு, அதே பிரஷ், அதே கைகள். முகம் முழுக்க மூன்று முறை பூசியும் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அங்கே குழாயில் வருவது சிறுவாணியின் மென்னீர், எங்கள் சென்னைக் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் ஸ்டியரிக் அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைத் திப்பியாக மாறிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு அப்படியே வீணாகிறது. திரும்பி வந்ததும் இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றதில் சுத்திகரிப்புக் கருவியின் தண்ணீரும் விட்டு, ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். சுத்திகரித்த தண்ணீரில் கழுத்து வரை நுரை. குழாய்த் தண்ணீரில் பால் திரிந்தது போல மிதக்கும் துணுக்குகள். அன்று முதல் சமையலறையிலிருந்து அரை டம்ளர் சுத்திகரித்த தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் சவரத்துக்குப் போகிறேன். தண்ணீரைக் கொஞ்சமாகவே கேட்கும் இந்தப் பிரஷ்ஷுக்கு அந்த அரை டம்ளரே நனைப்பது முதல் கடைசிப் பூச்சு வரை போதும் என்பது இதன் பெரிய அனுகூலம். முகம் கழுவவும் ரேசரை அலசவும் வழக்கமான குழாய்த் தண்ணீரே ஆகும்.

அந்தப் பொங்கலுக்கு அப்பாவுக்கும் இதே போல ஒன்று வாங்கிச் சென்றிருந்தேன். கையில் வாங்கி, கட்டைவிரலால் நுனியை இரண்டு முறை வருடிவிட்டு, "இதும் நைலான்தானா கண்ணு? பூனைக்குட்டியத் தொடற மாதிரி இருக்குது" என்றார். மறுநாள் காலை தன் பழக்கப்படியே மக்கில் முக்கி, உதறாமல் எடுத்துச் சோப்பில் தேய்க்க, பால் போன்ற தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்தது. "உதறுங்கப்பா, இன்னும் பலமா உதறுங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். எழுபது வயதைக் கடந்த மனிதர் ஐம்பதாண்டுப் பழக்கத்தை விட்டு மூன்று முறை உதறக் கற்றுக்கொள்ள நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் சிவப்புப் பிரஷ் குப்பைக்கூடையில் இருந்தது.

குறைகளும் இருக்கின்றன. முடிப் பிரஷ்ஷைப் போல இது வெந்நீரின் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. சென்னையில் அது ஒரு பொருட்டில்லை, டிசம்பரில் ஊட்டியில் தங்கிய மூன்று நாளும் கன்னத்தில் பட்ட குளிர்ந்த நுரை அதை நன்றாகவே உணர்த்தியது. கிண்ணத்தில் அவசரமாகச் சுழற்றினால் கண்ணாடி வரை நுரை தெறிக்கும். கற்றையைக் கைப்பிடிக்குள் பிடித்து வைத்திருப்பது பசைதான் என்பதால் கொதிக்கும் தண்ணீர் கூடாது. கீசரிலிருந்து ஆவி பறக்கப் பிடித்த தண்ணீரில் நிற்க வைத்துவிட்டு மறந்துபோய், விலை குறைந்த பிரஷ் ஒன்றின் கற்றை அப்படியே என் கையோடு வந்துவிட்டது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அலசி, உள்ளங்கையில் முறுக்காமல் பிழிந்து, உதறி நிற்க வைத்தால் அடைமழை நாளிலும் மறுநாள் காலைக்குள் அடிவரை உலர்ந்திருக்கும். கடின நீர் உள்ள ஊர்க்காரர்கள் மட்டும் மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் கலந்து பத்து நிமிடம் நுனியை நனைத்து வையுங்கள். வெளியூர்ப் பயணங்களால் நான் அதைச் செய்ய மூன்று மாதம் தவறிவிட்டேன். இழையின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு போல வெள்ளை படிந்து, கற்றை விறைத்துப்போய், சிறு வயதில் காந்திய அந்தப் பழைய பிரஷ்ஷை நினைவூட்டத் தொடங்கியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வினிகரில் வைத்து எடுத்தேன். டம்ளர் கலங்கியது, கற்றை பழையபடி இளகி விரிந்தது.