மூன்று லிட்டர் கேன் சொன்ன கணக்கு

"எனக்கு உப்பு கம்மிதான் டாக்டர். சாப்பிடும்போது மேலே தூவிக்கிற பழக்கமே கிடையாது."

இதை நான் சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். பல் பிடுங்கப் போன இடத்தில் எதேச்சையாகப் பார்த்த ரத்த அழுத்தம் 148/94 என்று வந்ததால்தான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுவேன். மாலையில் சாக்ஸைக் கழற்றினால் காலில் அதன் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். இரண்டையும் வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

டாக்டர் வாதாடவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அழுத்தத்தை அளக்கச் சொன்னார். கூடவே 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை. "சாப்பிடுற உப்புல இருக்கிற சோடியத்துல பெரும்பகுதி சிறுநீர்லதான் வெளிய போகும். நீங்க சொல்றதையும் நான் நினைக்கிறதையும் விட்டுடுவோம். அது சொல்லட்டும்."

லேபில் மூன்று லிட்டர் கேன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குப் போவதோடு கணக்கு முடியும். வீட்டிலேயே இருக்கும் நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த கையோடு பழக்கதோஷத்தில் நேராகக் கழிப்பறைக்குப் போய்விட்டேன். பாதியில்தான் உறைத்தது. ஒரு தடவை தவறினாலும் அளவு குறைத்துக் காட்டும் என்பதால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து.

ரிப்போர்ட்டில் சோடியம் 208 மில்லிமோல் (சோடியத்தை லேபில் அளக்கும் அலகு). ஒரு கிராம் உப்பு ஏறக்குறைய 17 மில்லிமோல். வகுத்தால் 12 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி.

"ரத்தப் பரிசோதனையில சோடியம் நார்மல்னு வந்திருக்கே?" என்று கேட்டேன். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதானாம். ரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறாதபடி உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண் நார்மலாகவே நிற்கும். ஓடும் திரவத்தின் அளவுதான் கூடும். அதைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடிக்கிறது, ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் தேய்கின்றன. பக்கவாதத்துக்கு வழி பிறப்பதும் இந்த அழுத்தத்தால்தான். உப்போடு சேர்ந்து கால்சியமும் சிறுநீரில் வெளியேறுவதால் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை வருஷக்கணக்காக அதிகம் தின்பவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் அபாயமும் உண்டு என்றார். என் சாக்ஸ் தடத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

சரி, அந்த 12 கிராம் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்த பாக்கெட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பி லேபிள்களைப் படிக்க ஆரம்பித்தேன். சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. ரொட்டித் துண்டு ஒன்றில் 150 மில்லிகிராம் சோடியம். நான் காலையில் நான்கு தின்பேன், நடுவே சீஸ் வைத்து. இனிப்பு பிஸ்கட்டிலும் சோடியம்! சமையல் சோடா, பதப்படுத்தும் பொருள்கள் வழியாக வருவது நாக்குக்குத் தெரிவதில்லை. சூப் பாக்கெட்டில் எண் சிறியதாக இருந்தது. சந்தோஷப்பட்டுவிட்டுக் கீழே பார்த்தால், அந்தப் பாக்கெட் இரண்டரைப் பேருக்காம். இரண்டரைப் பேர் எந்த வீட்டில் சூப் குடிக்கிறார்களோ தெரியாது. நான் தனியாளாகத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

அசந்துபோனது மருந்துப் பெட்டியைத் திறந்தபோதுதான். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வலி மாத்திரையில் ஒன்றுக்கே 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம். கழுத்து வலிக்கென்று வாரத்தில் பாதி நாள் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் விழுங்கும் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார்.

உப்பைக் குறைத்த முதல் மூன்று வாரம் கொடுமை. எதைத் தின்றாலும் ஈர அட்டையை மென்றாற்போல் இருக்கும். இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல் பெரிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றைத் தனியாகக் காலி செய்தேன். மறுநாள் காலை எடை ஒரு கிலோ கூடியிருந்தது. கொழுப்பு அவ்வளவு வேகமாக ஏறாது. அது பெரும்பாலும் தண்ணீர். டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டியதைவிட அந்த எடை மெஷின்தான் எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

நடுவில் குறுக்குவழி தேடி, சோடியம் குறைந்த மாற்று உப்பு வாங்கப் போனேன். மருந்துக் கடைக்காரர் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வீட்ல யாருக்காவது கிட்னி பிரச்சினை இருக்கா சார்?" என்றார். அப்பாவுக்கு இருக்கிறது. சோடியத்துக்குப் பதில் அதில் பாதியளவு பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலவகை பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும். ஒரே பாத்திரத்தில் சமைக்கும் வீடு. வாங்காமல் திரும்பினேன். பாறை உப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளையும் பார்த்தேன். எல்லாமே ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். பலவற்றில் அயோடின் சேர்ப்பதும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது எலுமிச்சை, பூண்டு, மிளகு, அப்புறம் நாட்கள். இரண்டு மாதம் தாண்டியபோது நாக்கு திரும்பியது. தக்காளியில் ஒரு மெல்லிய இனிப்பு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பழைய சூப்பை ஒரு நாள் வாயில் வைத்தேன். ஒரே கரிப்பு, துப்பிவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி கேன். இந்தத் தடவை மதியம் தூங்கவே இல்லை. 105 மில்லிமோல். வீட்டு அளவுகளின் சராசரி 132/84. இரவில் எழுவது ஒரு முறையானது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார் டாக்டர். எனக்கு அமைந்தது இப்படி. ஏற்கெனவே பிபி மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் உப்பைக் குறைத்த தைரியத்தில் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

"ஆறு கிராம் வருது. இன்னும் ஒரு கிராம் எங்க இருக்கு?" என்று கேட்டார் டாக்டர். சனிக்கிழமை வெளியே சாப்பிடுகிறேனே, அங்கேதான் என்று சந்தேகம். தட்டில் வைப்பதற்கு லேபிள் கிடையாதே.