அம்மாவின் தாடையும் அச்சில் வந்த மாதிரியும்

"அம்மாவுக்கு மெஷினில் எலும்பு செய்து வைத்தார்களாமே?" என்று தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கேட்கிறார்கள். அப்படியல்ல. தாடையில் இப்போது இருப்பது அவருடைய சொந்தக் கால் எலும்பு. முப்பரிமாண அச்சில் வந்தவை தாடையின் மாதிரியும், எலும்பை எங்கே, எந்தச் சாய்வில் வெட்டுவது என்று காட்டும் வழிகாட்டிக் கருவிகளும்தான். இதே சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பல் வீக்கம் என்று எண்ணி அம்மா கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஹட்டனிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். சோதனையில் அமெலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கட்டி என்று தெரிந்தது. புற்றுநோய் இல்லை; ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும், சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்பவும் வரும். அதனால் தாடையில் ஒரு பகுதியையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

சிடி ஸ்கேன் எடுப்பவர்கள் ஃபிலிமோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்த முழுப் பதிவும் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். கணினியில் எலும்பைத் தனியாகப் பிரித்து உருவம் அமைக்க அதுதான் தேவை. எங்களுக்கு முதலில் ஃபிலிமை மட்டுமே தந்தார்கள். அதற்காக மறுபடியும் அலைந்தோம்.

தாடையின் மாதிரி வரும்வரை வைத்தியர் சிங்களத்தில் சொல்வதைத் தாதி தமிழில் சொல்ல, அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேனிலிருந்து அச்சடித்த அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தாடையைக் கையில் கொடுத்ததும், கட்டி அரித்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் கேட்கத் தொடங்கினார்: எதுவரை வெட்டுவீர்கள்? எத்தனை பல் போகும்? கால் எலும்பை எடுத்தால் மலை ஏற முடியுமா? உடல் பாரத்தைப் பெரிதும் தாங்குவது முழங்காலுக்குக் கீழுள்ள தடித்த எலும்பு என்றும், பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பில் இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுப்பார்கள் என்றும் விளக்கினார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் எந்த நோயாளிக்கும் இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

மாதிரியின் மேல் வைத்தே டைட்டானியம் தகட்டை முன்கூட்டி வளைத்துவிட்டார்கள். சாதாரண அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். 121 பாகை நீராவியில் கிருமிநீக்கம் செய்ய முடியாது. அதனால் தகட்டை மட்டும் கிருமிநீக்கி உள்ளே கொண்டுபோனார்கள். வெட்டு வழிகாட்டிகள் சூடு தாங்கும் வேறொரு பிசினில் செய்தவை. நேரான கால் எலும்பைச் சாய்வாக வெட்டி, தாடையின் வளைவுக்குப் பொருத்த அவை உதவின. கால் எலும்பின் இரத்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியில் பார்த்துத் தைத்தார்கள். முதல் சில நாட்கள் இரவும் பகலும் தாதியர் இரத்த ஓட்டத்தைச் சோதித்தபடியே இருந்தார்கள். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு.

முழங்கால் தேய்ந்த பக்கத்து லயத்து மாமா, குருத்தெலும்பையும் அச்சடிக்கலாமா என்று கேட்டார். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை; அது தானாக ஆறுவது அரிது. உயிருள்ள கலங்களைக் கூழோடு கலந்து அச்சடிக்கும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அம்மா இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார். ஏற்றத்தில் கணுக்கால் வலிக்கிறது என்கிறார். எலும்பு நன்றாக ஒட்டியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகு பல் கட்டுவதைப் பற்றிப் பேசலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள்.