தலையாட்டுவதை நிறுத்திய நாள்

ஓசூர் சிப்காட்டில் 6 ஆண்டுகள் சி.என்.சி. லேத் என்னும் கணினி இயக்கும் கடைசல் மெஷினை ஓட்டிவிட்டு ஜப்பானுக்குப் போனேன். ஹமமாட்சு என்ற ஊரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மோட்டார் சைக்கிளுக்கும் பியானோவுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏற்றிவிடும்போது அப்பா சொன்னது ஒன்றுதான்: "போன இடத்தில் அனுசரித்து நடந்துகொள்." அந்தச் சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது தெரிய 4 மாதங்கள் ஆயின.

உணவும் மொழியும்தான் பாடாய்ப் படுத்தும் என்று பயந்திருந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய ராகி மாவில் ரைஸ் குக்கரிலேயே களி கிளறப் பழகிக்கொண்டேன். மாலை 5 மணிக்கு வேலை முடியும்போது ஊரில் மதியம் ஒன்றரை மணி. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பேசிவிடலாம். மொழியைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். நமது 'க்கு', 'இல்' போன்ற உருபுகளைப் போல அவர்களுடையவையும் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன. சென்னையில் என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்தபோதே, தமிழில் யோசித்துச் சொற்களை மட்டும் மாற்றினால் பாதி வாக்கியம் தானாக அமைந்துவிடுவதைக் கவனித்திருந்தேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல். 'ஹை.'

அகராதியில் அதற்கு 'ஆம்' என்று பொருள். மேற்பார்வையாளர் எதைச் சொன்னாலும் நான் 'ஹை' என்பேன், தலையையும் ஆட்டுவேன். பாதி புரிந்தாலும் 'ஹை', புரியாவிட்டாலும் 'ஹை'. மீதியை மெஷின் முன்னால் நின்று ஊகித்துக்கொள்வேன். 6 ஆண்டுகள் வேலை பார்த்தவன் மறுபடி மறுபடி கேட்டால், இவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். பள்ளிக்கூடத்திலேயே நமக்குள் ஊறிய பயம் அது. புரியவில்லை என்று எழுந்து நின்ற பையனை வகுப்பு எப்படிப் பார்த்தது என்பது நமக்கு மறக்கவில்லை.

ஒரு நாள் துளை கடையும் வேலை. இன்சர்ட்டை, அதாவது வெட்டும் முனையை, மாற்றியதும் முதல் ஜாப்பை (கடைந்து எடுத்த பாகத்தை) அளவு பார்க்கும் அறைக்கு எடுத்துப்போக வேண்டும், அங்கிருந்து பதில் வரும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்று காலையில் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். 'முதல் ஜாப்', 'அளவு' என்ற இரண்டு சொற்கள்தான் என் காதில் விழுந்தன. ஓசூரில் செய்ததைப் போல நானே போர் கேஜ் என்னும் துளை அளக்கும் கருவியில் அளந்தேன். சரியாகக் காட்டியது, ஓட்டினேன். அந்தக் கேஜின் பூஜ்யம் நகர்ந்திருந்தது. சந்தேகம் வந்து அளவு உறுதியான ரிங் கேஜ் வளையத்தில் வைத்துச் சரிபார்த்தபோது 23 ஜாப்கள் முடிந்திருந்தன. வெளிவிட்டம் பெரிதாக இருந்தால் இன்னொரு முறை கடைந்து அளவுக்குக் கொண்டுவரலாம். துளை பெரிதாகிவிட்டால் அது கழிவு இரும்புதான்.

மெஷினை நிறுத்திவிட்டு அந்த டிரேயை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, ஷிப்ட் முடியும்போது எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை. அதற்குள் அவரே வந்துவிட்டார். 23 ஜாப்களையும் நான் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஏன் நடந்தது என்றார். கேஜ் தவறு என்றேன். கேஜை ஏன் நீ பயன்படுத்தினாய்? காலையில் சொன்னது புரியவில்லை. புரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை? அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஜப்பானிய மொழி போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அன்று மாலை வெள்ளைப் பலகையில் அவர் எழுதிக்காட்டியதை அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டேன். தொமெரு, யொபு, மட்சு. நிறுத்து, கூப்பிடு, காத்திரு. வழக்கத்துக்கு மாறாக எது தெரிந்தாலும் தொழிலாளி செய்ய வேண்டியவை இந்த மூன்றுதான். அடுத்து 'ஹோரென்ஸோ' என்று எழுதினார். நடந்ததை அறிவி, தெரியவேண்டியவர்களுக்குத் தகவல் சொல், முடிவெடுக்கும் முன் கலந்துபேசு என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த சொல் அது. கேட்பதற்கு, அங்கே விற்கும் ஒரு கீரையின் பெயரைப் போலவே இருக்கும். அதனாலேயே புதியவர்கள் மறப்பதில்லை. இன்னொன்றும் சொன்னார். 'ஹை' என்றால் நீ சொல்வது என் காதில் விழுகிறது என்பது மட்டும்தான் பல நேரங்களில் பொருள். புரிந்ததைக் காட்ட வேண்டுமானால், சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல்.

மறுநாள் முதல் திருப்பிச் சொன்னேன். உடைந்த ஜப்பானிய மொழியில், சில நாள்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே. முதல் வாரம் கூச்சம் பிடுங்கித் தின்றது. நான் தவறாகச் சொன்ன இடத்தில் அவர் நிறுத்தித் திருத்துவார். அப்படித் திருத்தப்பட்ட இடங்களைப் பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான், அதற்கு முந்தைய 4 மாதங்களில் எவ்வளவு ஊகித்து வேலை செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அனுசரிப்பது என்றால் வாயைக் கட்டிக்கொள்வது என்று எண்ணியிருந்தேன். அங்கே என்னை வேலையில் நிலைநிறுத்தியது நான் திறந்த வாய்தான். மற்ற பழக்கங்களெல்லாம், காலை உடற்பயிற்சியும் குப்பையை வகை பிரித்துப் போடுவதும், நாளாக நாளாகத் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

இந்த விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் பார்க்க வந்தான். பாலிடெக்னிக் முடித்தவன், அடுத்த மாதம் அவனும் அங்கேதான் போகிறான். திண்ணையில் உட்கார்ந்து அப்பா நறுக்கி வைத்த மாம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க அண்ணா, சரிங்க அண்ணா" என்று தலையாட்டினான்.

"மெஷினில் ஏதாவது மாறுதலாகத் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்றேன்? சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "நிறுத்த வேண்டும். கூப்பிட வேண்டும்." பிறகு தயங்கி, "மூன்றாவது மறந்துவிட்டது, அண்ணா. இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றான்.