உந்த அஞ்சு எங்கயிருந்து வந்தது?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரிசல்ட் வந்தது. ரியல் அனலிசிஸ் என்கிற கணிதப் பாடம், பெயிலாகித் திரும்ப எழுதிய ரிப்பீற், சி. ரூம்மேற் கட்டிப்பிடித்தான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரமேஸ்வராச் சந்திக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்தேன். சந்தோசமா கவலையா என்று இன்னும் பிடிபடவில்லை. ரிப்பீற் எடுத்தவர்களுக்குத் தெரியும், நூற்றுக்கு எத்தனை எடுத்தாலும் சி-க்கு மேல் போடமாட்டார்கள். இந்தமுறை அந்தப் பேப்பரை உண்மையிலேயே நன்றாகச் செய்தேன். அது எனக்கும் திருத்தியவருக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு, அதிலும் கணிதம் ஒரு பாடமாக எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஜீபிஏ கணக்கிடுவது, 80 வீத வரவு, எந்தப் படிவம் எந்த அலுவலகத்தில் என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே சொல்லித்தருவார்கள். அதை விடுகிறேன்.

எனக்கு ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. நான் எதில் உள்ளே வந்தேன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நானாகத்தான் பயந்து திரிந்தேன். விரிவுரையில் கை உயர்த்தினால் “இவன் கோட்டாவில் வந்தவன்” என்று நினைப்பார்கள் என்று ஒரு எண்ணம். அதனால் முதல் செமஸ்ரர் முழுக்க நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்வரிசை, சுவர்ப்பக்கம், மின்விசிறிக்குக் கீழே. நல்ல இடம், நித்திரை வரும்.

கம்பஸ் வாழ்க்கை என்று ஊரில் நினைப்பது வேறு, இங்கே நடப்பது வேறு. (1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஆனால் அம்மாவுக்கு இன்னும் “கம்பஸ்”தான், எனக்கும்தான்.) கொக்குவிலில் ஒரு வீட்டின் பக்கத்து அறையில் நானும் ரூம்மேற்றும். மகாபொல உதவிப்பணம் 5,000 ரூபாவாக இருந்து 2025 இல் 7,500 ஆனது. கைக்கு வந்தால் வாடகைக்குப் போகும். காலை எட்டு மணி விரிவுரைக்கு ஆடியபாதம் வீதியால் சைக்கிள், மார்கழி மழைக்காலத்தில் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு. பத்து மணிக்கு கன்ரீனில் ஒரு ரோல்ஸ். அப்புறம் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இருக்காது. அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் நான் கெட்டேன். மரத்தடியில் ஐந்தாறு பேர் இருந்து கிரிக்கெட், சினிமா, யாருக்கு யாரைப் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம், ஒரு செமஸ்ரருக்கு எத்தனை என்று நீங்களே கூட்டிப்பாருங்கள். நான் கூட்டவில்லை, பயமாக இருக்கிறது.

விரிவுரையில் விளங்காததற்குக் குப்பி இருக்கிறது என்று நம்பினேன். சீனியர் அண்ணாமார் சோதனைக்கு முன் பின்னேரங்களில் வெறும் மண்டபத்தில் வந்து படிப்பித்துவிடுவார்கள், காசு வாங்கமாட்டார்கள். குப்பி விளக்கு வெளிச்சத்தில் கூடியிருந்து படித்த காலத்துப் பெயர் என்கிறார்கள். போனில் அம்மாவிடம் “இண்டைக்குக் குப்பி இருக்கு” என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வன்னியில் போர்க்காலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் வேறு, சயனைட் குப்பி. அதற்குப் பிறகு வீட்டில் “கிளாஸ்” என்றுதான் சொல்வேன்.

குப்பி நல்லதுதான், அந்த அண்ணாமாரிலும் குறையில்லை. நான் செய்த பிழை, அங்கேயும் பின்வரிசையில் இருந்து போர்டைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்ததுதான். பிறகு பழைய வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுத்து விடைகளை அப்படியே மனப்பாடம் பண்ணினேன். இணைந்த கணிதத்தில் அது ஓரளவு ஓடும். உயர்தரத்தில் ஒரு மாதிரிக் கணக்கை நூறு தரம் செய்தால் நூற்றியோராவதைக் கை தானாகவே செய்யும். இங்கே நிறுவல் கேட்கிறார்கள், ஏன் சரி என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். கைக்கு நிறுவத் தெரியாது.

எக்ஸ் இரண்டை அணுகும்போது எக்ஸின் வர்க்கம் நான்கை அணுகும் என்று எப்சிலன்–டெல்டாவால் நிறுவு. விடை எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலன், அதற்கு எக்ஸ் எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. எல்லா வருடத்துக் கொப்பியிலும் இருக்கிற கணக்கு இது. விடையின் கடைசி வரியும் எல்லாருக்கும் தெரியும்: ஒன்று, எப்சிலனின் ஐந்தில் ஒரு பங்கு, இவற்றில் சிறியதை டெல்டாவாக எடு. நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். சோதனையில் இரண்டுக்குப் பதில் மூன்று வந்தது. மூன்றை அணுகும்போது ஒன்பது. நான் அங்கேயும் ஐந்தில் ஒரு பங்கு என்றே எழுதிவிட்டு, மண்டபத்தை விட்டு வெளியே வந்து “லேசு மச்சான்” என்றும் சொன்னேன். மற்றக் கேள்விகளிலும் இதே லட்சணம்தான்.

2024 மே மாதம் நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. நான் ஊருக்குப் போய் அப்பாவோடு தோட்டத்தில் நின்றேன், கொப்பியைத் தொடவில்லை. திரும்பி வந்த பிறகுதான் முதல் செமஸ்ரர் ரிசல்ட். வட்ஸ்அப் குறூப்பில் சுட்டெண் பட்டியல் வந்தது. என்னுடைய இலக்கத்துக்கு நேரே பார்த்தேன், பிறகு மேல் வரியில் பார்த்தேன், பிறகு கீழ் வரியில். கண் பிழைக்கவில்லை.

ரிப்பீற் என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அடுத்த பச் அந்தப் பாடத்தைப் படிக்கும்வரை. விருப்பமென்றால் அவர்களோடு விரிவுரைக்கும் போய் இருக்கலாம். நான் போனேன். முதல் நாள் இரண்டு தங்கச்சிமார் என்னைப் புதிய விரிவுரையாளர் என்று நினைத்து எழும்பி நின்றார்கள். அதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

மூன்றாம் கிழமை, விரிவுரை முடிந்த பிறகு ஒரு தங்கச்சி கொப்பியோடு வந்தாள், நெல்லியடிப் பக்கம். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறதாம். அதே கணக்கு. நான் கடகடவென்று போர்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பினேன்.

“அண்ணா, உந்த அஞ்சு எங்கயிருந்து வந்தது?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் மனப்பாடம் பண்ணிய ஐந்து. “அது அப்பிடித்தான் எடுக்கிறது” என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய முகத்தைப் பார்த்தால் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. சரி என்று இருவருமாக மேலிருந்து வந்தோம். எக்ஸ் வர்க்கத்தில் நான்கு போனால், எக்ஸில் இரண்டு போனது ஒரு காரணி, எக்ஸோடு இரண்டு கூட்டியது மற்றது. முதலாவதை டெல்டா பிடித்து வைத்திருக்கும். மற்றது எவ்வளவு பெரிதாகலாம்? எக்ஸ் இரண்டிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாது என்று முதலே கட்டிவிட்டால் எக்ஸ் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் நிற்கும், இரண்டு கூட்டினால் ஐந்தைத் தாண்டாது. அந்த ஐந்துதான் இந்த ஐந்து! அப்படியென்றால் மூன்றை அணுகும்போது எக்ஸ் நான்குக்குள் நிற்கும், மூன்று கூட்டினால் ஏழு. போன வருடம் நான் ஏழு எழுதியிருக்க வேண்டும்.

சோக்குத்துண்டோடு அப்படியே நின்றேன். அவள் “விளங்கிற்றுது அண்ணா, தாங்ஸ்” என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அடுத்த கிழமை நான்கு பேர் வந்தார்கள், அதற்கடுத்த கிழமை பதினைந்து. பெயிலானவன் குப்பி எடுக்கிறான் என்று என் பச்சில் பகிடி. எடுக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் பதினைந்து பேர் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் வியாழன் இரவு படித்த படிப்பு, என்னுடைய சோதனைக்காக ஒருநாளும் படித்ததில்லை.

ஆகவே என் அறிவுரை ஒன்றே ஒன்று: உங்களுக்குத் தெரியாத பாடத்தை யாருக்காவது படிப்பியுங்கள். தெரிந்த பிறகு படிப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். கூச்சப்படுகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். நானும் கூச்சக்காரன்தான் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் வாயாடி. நூலகத்தில் தனியே இருந்து படித்து ஏ எடுத்தவர்கள் என் பச்சிலேயே இருக்கிறார்கள். எனக்கு நூலகத்தில் அரை மணித்தியாலத்தில் கண் சொருகும்.

மற்றவை, நினைவுக்கு வந்தபடி:

– போர்டைப் படமெடுக்காதீர்கள். என் போனில் முதல் செமஸ்ரர் படங்கள் அப்படியே கிடக்கின்றன, ஒன்றைக்கூடத் திரும்பப் பார்த்ததில்லை.

– உயர்தரம் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நிறுவலுக்குத் தேவையான ஆங்கிலம் ஐம்பது அறுபது சொல்லுக்குள் அடங்கும். “எந்த ஒரு”, “ஏதாவது ஒரு”, “ஆகவே”, “எனக் கொள்க”. இவற்றைச் சரியான ஒழுங்கில் எழுதப் பழகினால் போதும். எப்சிலன் முதலில், டெல்டா பிறகு. மாற்றி எழுதினால் வசனம் அழகாக இருக்கும், கணக்குப் பிழை.

– யோசிப்பது தமிழில் யோசியுங்கள். வெட்கமில்லை.

– ரிப்பீற் விண்ணப்பம் எப்போது கோருகிறார்கள் என்று நீங்களே அறிவித்தல் பலகையைப் பாருங்கள். குறூப்பில் போடுவார்கள் என்று இருந்து, கடைசி நாள் நாலு மணிக்கு ஓடியிருக்கிறேன்.

– ரிப்பீற்றும் சொந்த வருடத்துப் பேப்பரும் ஒரே கிழமையில் வரும். எனக்கு அடுத்தடுத்த நாள் வந்தது. இரண்டாம் வருடப் பேப்பரில் அதனால் அடி விழுந்தது, அதுவும் சேர்த்துத்தான் இந்த சி-யின் விலை.

– பத்து மணி தொடக்கம் பன்னிரண்டு. மரத்தடியை விடச் சொல்லவில்லை, கொப்பியையும் கொண்டுபோங்கள்.

– மோட்டச் சந்தேகம் என்று ஒன்று இல்லை என்பார்கள். இருக்கிறது, நான் கேட்டிருக்கிறேன். கேட்டதால் ஒன்றும் நடக்கவில்லை.

நெல்லியடித் தங்கச்சிக்கு ஏ. செவ்வாய் இரவே செய்தி அனுப்பினாள். என்னுடையதைக் கேட்கவில்லை, குறூப்பில் பார்த்திருப்பாள். அடுத்த நாள் கன்ரீனில் இரண்டு ரோல்ஸ் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “அண்ணா, வாற செமஸ்ரர் லீனியர் அல்ஜிப்ரா, நீங்க அதில எப்பிடி?” என்றாள்.

அதில் எனக்கு ஏ என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “அப்ப சரிவராது” என்றாள். பிளேன்ரீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.