கன்னே மேட்டில் இரண்டு மணி நேரம்

தலைமுடியில் இன்னும் கன்னே புழுதி ஒட்டியிருக்கிறது. குளிப்பதற்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அந்த டாக்ஸிக்காரர் மேல் உள்ள கோபம் முதலில் இறங்கியாக வேண்டும்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவர் ஹன்னிபால், ரோமப் படையைச் சுற்றி வளைத்து அழித்த போர்க்களம் கன்னே. அது இருப்பது தெற்கு இத்தாலியில். ஏட்ரியாட்டிக் கடலோரம் இருக்கும் பார்லெத்தாவிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல உள்ளே போக வேண்டும். போர்க்களத்தின் பெயரிலேயே ஒரு குட்டி ரயில் நிலையம் உண்டு, ஆனால் நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தடத்தில் ரயில் இல்லை. பாரி நகரத்தில் படிக்கும் சித்தப்பா மகன்தான் எனக்கு வழித்துணை, மொழிபெயர்ப்பாளன், தங்க இடம் எல்லாம். பார்லெத்தா ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு டாக்ஸி நின்றது.

"அக்கா, போய்ட்டு வர அறுபது யூரோவாம். ரெண்டு மணி நேரம் நிப்பாராம்."

கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்! பாரியிலிருந்து பார்லெத்தா வர இரண்டு பேருக்கும் சேர்த்து ரயிலில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பேரம் பேசிப் பார்த்தோம், மசியவில்லை. இரண்டு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வந்திருக்கிறேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை, ஏறிவிட்டோம். திரும்பி வந்து இறங்கும்போது, காத்திருந்ததற்குத் தனியாக இருபது யூரோ என்று நின்றார். காத்திருப்பதையும் சேர்த்துத்தானே அறுபது என்று பேசினோம்? தம்பி குரலை உயர்த்தினான், அவரும் உயர்த்தினார், கடைசியில் பத்தில் முடிந்தது. வெளியூர்க்காரருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு பிடுங்குவது அசிங்கம். எந்த ஊராக இருந்தாலும் இதைச் சொல்வேன்.

சரி, கன்னேக்கு வருகிறேன்.

அடிவாரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம், அரை மணியில் பார்த்துவிடலாம். மேட்டின் மேலே இருக்கும் இடிபாடுகளில் பெரும்பகுதி போருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதை நம்பி வருபவர்கள் ஏமாந்து போவார்கள். நான் வந்தது மேலே நிற்கும் ஒற்றைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்க்க. ஆலிவ் தோப்பு, திராட்சைத் தோட்டம், அறுத்து முடித்த கோதுமைத் தாள், நடுவே ஒஃபாந்தோ ஆறு. கடல் வரைக்கும் நிலம் தட்டையாகக் கிடக்கிறது. ஆறு அன்று ஓடிய தடம் வேறு என்பதால், போர் எந்தக் கரையில் நடந்தது என்று ஆய்வாளர்களுக்குள் இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் இந்த மேடு ஏன் முக்கியம் என்பது தெளிவு. ரோமர்கள் தானியம் சேர்த்து வைத்திருந்த இடம் இது. ஹன்னிபால் முதலில் இதைத்தான் பிடித்தார். சோற்றுப் பானையில் கை வைத்தால் வராமல் இருப்பார்களா? வந்தார்கள்.

கி.மு. 216, ஆகஸ்ட் 2. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்குப்படி ரோமர் பக்கம் காலாட்படை சுமார் 80,000, குதிரைப்படை 6,000. ஹன்னிபாலிடம் காலாட்படை சுமார் 40,000, குதிரைப்படை 10,000. யானை கிடையாது, ஆல்ப்ஸைத் தாண்டி வந்த யானைகள் ஏறக்குறைய எல்லாமே அதற்கு முன்பே செத்துவிட்டன. ரோமர்களுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது ஆட்சித் தலைவர்கள், நாளுக்கு ஒருவர் என்று மாறி மாறித் தலைமை. அன்று வார்ரோவின் முறை. ஆள் பலம் நம்மிடம் இருக்கிறது, நடுவில் இடித்து உடைத்துவிடலாம் என்று நம்பி, அணிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியைக் குறைத்து, வரிசைக்குப் பின் வரிசையாக நெருக்கி அடுக்கினார்.

அந்த இடியை வாங்கிக்கொள்வதற்கென்றே ஹன்னிபால் ஓர் ஏற்பாடு செய்தார். நடுவில், வட இத்தாலியில் அவரோடு சேர்ந்துகொண்ட கௌல் இனத்தவரையும் ஸ்பானியர்களையும், எதிரியை நோக்கிப் புடைத்த பிறைபோல நிறுத்தினார். இரண்டு ஓரங்களிலும் லிபியக் காலாட்கள். முந்தைய போர்களில் ரோமர்களிடமிருந்து பறித்த கவசங்களையே அவர்கள் போட்டிருந்தார்கள். ரோமர் வந்து முட்டியதும் பிறை மெல்ல நிமிர்ந்தது, நேரானது, பிறகு உள்பக்கமாகக் குழிந்தது. அந்தக் குழிக்குள் முண்டியடித்துப் புகுந்தவர்களை லிபியர்கள் இரு பக்கமிருந்தும் திரும்பி அடித்தார்கள். அதற்குள் ஹன்னிபாலின் தளபதி ஹஸ்த்ருபாலின் குதிரைப்படை ஆற்றோரம் நின்ற ரோமக் குதிரைகளை விரட்டிவிட்டுக் களத்தைச் சுற்றி மறுபக்கம் போயிருந்தது. ஹன்னிபாலின் வட ஆப்பிரிக்கக் குதிரைவீரர்களான நுமிதியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரோமின் கூட்டாளிக் குதிரைகளும் அதைக் கண்டு கலைந்தன. கடைசியில் ஹஸ்த்ருபாலின் படை ரோமர்களின் முதுகில் வந்து விழுந்தது. வாசல் சாத்தியாயிற்று.

புத்தகங்களில் இதை அம்புக்குறி போட்டு அழகாக வரைந்திருப்பார்கள். நானும் பள்ளி நோட்டில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மேட்டில் நின்றபோதுதான் அந்தப் பிறை நெஞ்சில் தைத்தது. பின்வாங்கினார்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பெருங்கூட்டம் நெட்டித் தள்ளும்போது, முதுகு காட்டாமல், வரிசை கலையாமல், பக்கத்தில் நிற்பவன் விழ விழ, அடி அடியாகப் பின்னால் கால் வைத்து வெட்டிக்கொண்டே போக வேண்டும். லிபியர்கள் திரும்பும் வரைக்கும் தாங்க வேண்டும். அதற்கு முன்னால் நடுவரிசை சிதறியிருந்தால், நாம் இன்று படிக்கும் கதையே வேறு. இடுப்புக்கு மேலே துணிகூட இல்லாமல் நின்றவர்கள் அந்தக் கௌல்கள். ஹன்னிபால் பக்கம் செத்தவர்கள் சுமார் 5,700 என்கிறார் பாலிபியஸ். அதில் 4,000 பேர் கௌல்கள். ஹன்னிபாலும் அவர் தம்பி மாகோவும் அதே நடுவரிசையில்தான் நின்றார்கள், அதற்கு அவரைக் கும்பிடலாம். ஆனாலும் புகழ் மொத்தமும் அவர் மூளைக்கே போவது அநியாயம். அந்த 4,000 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

காற்று வேறு சும்மா விடவில்லை. கண்ணில் மண் விழ, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அன்றும் வொல்துர்னுஸ் என்ற காற்று ரோமர் முகத்தில் புழுதியை வாரி இறைத்தது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கண்ணைத் திறக்க முடியாது, முன்னும் பின்னும் நகர முடியாது, வாளை ஓங்கக் கைக்கு இடமில்லை. எந்தக் கூட்டத்தை நம்பி வந்தார்களோ அதுவே அவர்களைக் கட்டிப்போட்டது. ரோமர் பக்கம் செத்தவர்கள் பாலிபியஸ் கணக்கில் 70,000, லிவி கணக்கில் 48,000 சொச்சம். எதை எடுத்துக்கொண்டாலும் ஒரே பகல். சிலர் மண்ணில் குழி பறித்து, அதில் தலையைப் புதைத்து, தாங்களே மூச்சடைத்துச் செத்துக் கிடந்தார்கள் என்கிறார் லிவி. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இங்க உழறவங்களுக்கு எலும்பு கிடைக்குமாக்கா?"

பக்கத்தில் ஒரு பெரிய இடுகாட்டைத் தோண்டியபோது, போரில் செத்தவர்கள்தான் என்று முதலில் நம்பினார்கள். பிறகு அது இடைக்காலத்து மக்களின் கல்லறை என்று தெரிந்துவிட்டது. அன்று செத்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று காட்ட ஒரு கல்கூட இல்லை.

பார்லெத்தா வந்து சேர்ந்தபோது பசி காதை அடைத்தது. சந்துக்குள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, மொத்தம் ஆறு மேஜை. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா, கேட்காமலே ஒரு ஜாடி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கருக்கிய கோதுமை மாவில் செய்த ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா சொன்னோம். கட்டை விரலால் அழுத்தி எடுத்த குட்டிக் காது மாதிரி இருக்கும், சாம்பல் நிறம், மென்றால் அடுப்புப் புகை வாசம். மேலே தக்காளிச் சாறு, துருவிய பாலாடைக்கட்டி. கூடவே ஒரு முழு புர்ராத்தா, உள்ளே பாலேடு வைத்த பாலாடைக்கட்டி. அது பிறந்த ஆந்த்ரியா பக்கத்து ஊர்தான். கத்தியை வைத்ததும் உள்ளேயிருந்து பாலேடு வழிந்து தட்டெல்லாம் பரவியது. ரொட்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டோம். இத்தாலியில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் உசத்தி. இரண்டு பேருக்கும் 23 யூரோ, டாக்ஸிக்கு அழுததில் மூன்றில் ஒரு பங்கு.

சாப்பிடும்போது தம்பிக்குப் பூசாவின் கதையைச் சொன்னேன். தப்பிய வீரர்களில் ஆயிரக்கணக்கானோர் கனூசியத்துக்கு, இன்றைய கனோசாவுக்கு, ஓடிப் போனார்கள். ஊர்க்காரர்கள் ஒதுங்க இடம் மட்டும் கொடுத்தார்கள். பூசா என்ற பணக்காரப் பெண்மணிதான் தானியமும் துணியும் வழிச்செலவுக்குக் காசும் கொடுத்தவர். பிற்பாடு ரோம் செனட் அவரைக் கௌரவித்தது. அங்கே ஒதுங்கியவர்களில் ஓர் இளைஞன் ஸ்கிப்பியோ. 14 வருஷம் கழித்து, கி.மு. 202இல், சாமாவில் ஹன்னிபாலைத் தோற்கடித்தவன் அவன்தான். அங்கேயும் எதிரியின் முதுகில் வந்து விழுந்த குதிரைப்படைதான் போரை முடித்தது. கனோசாவையும் பார்க்க ரொம்ப ஆசை, ஆனால் கையிலிருந்த காசு இடம் கொடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மேட்டில் நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தடத்தில் ரயில் ஓடுகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். டாக்ஸி என்றால் மொத்தத் தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். தூணோடு படம் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். ஆற்றைப் பார்த்து நின்று, திரும்பிப் பார்க்காமல் பத்தடி பின்னால் நடந்து பாருங்கள். நான் நடந்தேன். ஐந்தாவது அடியில் கல் தடுக்கி, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டேன்.