கரும்பு விவசாயிக்கு இரண்டாவது ஆலை வேண்டும்

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி விளைவிப்பவர் தம் கொட்டையை எந்த வியாபாரிக்கு, எப்போது விற்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். அதே கடலூர் மாவட்டத்தில் ஆலைக்கென்று கரும்பு பயிரிடுபவருக்கு அந்த உரிமை இல்லை. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, எந்தப் பகுதியின் கரும்பு எந்த ஆலைக்கு என்று ஒதுக்கீடு செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. 2006இல் அதில் சேர்க்கப்பட்ட விதியின்படி, ஓர் ஆலையிலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆலை வர முடியாது. வாங்குபவர் ஒருவரே என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கிவிட்டு, அதனால் விளையும் தீங்கிலிருந்து விவசாயியைக் காப்பாற்றுவதாகக் கூறி விலையையும் அதே சட்டம் நிர்ணயிக்கிறது. நான் தடையற்ற சந்தையை ஆதரிப்பதற்கு இந்த ஒரு பயிரின் கதையே போதுமான காரணம்.

ஒரு பொருளின் விலையில் அரசு கைவைத்தால், அதன் விளைவைச் சமாளிக்க அடுத்தடுத்த பொருள்களிலும் கைவைக்க நேரும் என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் வான் மீசஸ் பால் விலையை எடுத்துக்காட்டி விளக்கினார். பாலுக்கு உச்சவிலை வைத்தால் பால் வரத்து குறையும். அதைச் சரிசெய்யத் தீவனத்தின் விலையையும் கட்டுப்படுத்த வேண்டிவரும். அந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. நம் சர்க்கரையில் நடந்திருப்பதும் இதுதான். சர்க்கரைத் துறையின் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012இல் தந்த பரிந்துரையை ஏற்று, ஆலைகள் எவ்வளவு சர்க்கரையைச் சந்தைக்கு விடலாம் என்று அளந்து தரும் முறையையும், ரேஷனுக்காக ஆலைகள் ஒரு பங்கைக் குறைந்த விலையில் அரசுக்குத் தர வேண்டிய லெவி சர்க்கரை முறையையும் மத்திய அரசு 2013இல் நீக்கியது. கரும்பு விலை நிர்ணயமோ அப்படியே தொடர்ந்தது. சர்க்கரை விலை சரிந்து, ஆலைகள் விவசாயிகளுக்குத் தர வேண்டிய நிலுவை குவிந்தபோது, 2018 ஜூன் மாதம் சர்க்கரைக்குக் கிலோவுக்கு 29 ரூபாய் என ஆலைவாசல் குறைந்தபட்ச விலை வந்தது. ஆலை மாதந்தோறும் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்ற அளவுக் கட்டுப்பாடும் கூடவே திரும்பி வந்தது. 2019இல் அந்த விலை 31 ரூபாய் ஆயிற்று. 2022இல் உள்நாட்டு விலை ஏறிவிடக் கூடாது என்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2025-26 பருவத்துக்குக் கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோதும் சர்க்கரையின் குறைந்தபட்ச விலை அதே 31 ரூபாய்தான். இவ்வளவையும் தில்லியில் அமர்ந்து சரியாகக் கணிக்கும் அறிவு எந்த அதிகாரிக்கும் இருக்க முடியாது. அந்த அறிவு ஆயிரக்கணக்கான வயல்களிலும் கிடங்குகளிலும் சிதறிக் கிடக்கிறது என்பதே பொருளியலாளர் ஹயெக் 1945இல் எழுதிய கட்டுரையின் சாரம்.

வெட்டிய கரும்பு காத்திருக்காது, எடையும் இனிப்பும் குறையும், ஆகவே ஆலைக்கு உறுதியான வரத்து வேண்டும் என்பது பகுதி ஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களின் வாதம். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் நல்ல விலையும் முன்பணமும் தந்து பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆலை அதைப் பெறலாமே. அரசு வரைபடத்தில் கோடு கிழித்துத் தர வேண்டியதில்லை.

அரசுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கரும்பு பெற்ற 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று அதே ஆணை சொல்கிறது. கொடுத்த வாக்கை நிறைவேற்றச் செய்வது அரசின் முதற்கடமை. விலை, எல்லை, ஒதுக்கீடு என அனைத்திலும் தலையிடும் அரசு, நிலுவைக்காக விவசாயி ஆண்டுக்கணக்கில் போராட நேரும்போது இந்த ஒரு கடமையில் பின்தங்கிவிடுகிறது.

சீர்திருத்தத்தின் வரிசையும் முக்கியமானது. விவசாயியை ஓர் ஆலையோடு கட்டிவைத்துக்கொண்டே விலைப் பாதுகாப்பை மட்டும் எடுத்துவிடுவது அநீதியாகும். முதலில் 15 கிலோமீட்டர் விதியும் பகுதி ஒதுக்கீடும் போக வேண்டும். ரங்கராஜன் குழுவும் இவ்விரண்டையும் நீக்கச் சொன்னது. இரண்டாவது ஆலையின் லாரி வயலோரம் வரத் தொடங்கிய பிறகு விலை நிர்ணயத்தை நீக்குவதைப் பற்றிப் பேசலாம்.